அஃபிலியேட் வருமானம்: குத்தகை நிலத்துல மச்சு வீடு கட்டலாமா?

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயித்துக்கிழமை ஒரத்தநாட்டுல சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க நடந்த ஒரு விஷயம் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு. எழுதி இறக்கி வச்சாத்தான் சரியா வரும்.

சித்தி மகன் இன்ஜினியரிங் படிச்சவன். ரெண்டு வருஷம் சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருந்தான். ஆளைக் குறைக்கிறோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஊருக்கு வந்து ஆறு மாசம். அப்ளிகேஷன் போட்டுப் போட்டு அலுத்துட்டான். சாப்பிட்டு முடிச்சுத் திண்ணையில உட்கார்ந்தப்ப மெதுவா ஆரம்பிச்சான்.

"அண்ணே, அஃபிலியேட் மார்க்கெட்டிங் பண்ணலாம்னு இருக்கேன். ஒரு கோர்ஸ் இருக்கு, முப்பதாயிரம். மூணே மாசத்துல போட்ட காசு வந்துரும்ங்கறாங்க."

சித்தி உள்ளேருந்து கையைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க. "நீதான் இதெல்லாம் பண்ணியிருக்கியே தம்பி, நல்லதுதானே? கையில காசு இல்ல. செயினை வச்சுத்தான் குடுக்கணும். அதான் உன்னைக் கேட்டுக்கிட்டுச் செய்யலாம்னு..."

நான் 'யோசிச்சுச் சொல்றேன் சித்தி'ன்னு எந்திரிச்சு வந்துட்டேன். வண்டியில ஒரத்தநாட்டுலேருந்து தஞ்சாவூர் வர்ற வரைக்கும் யோசிச்சதுதான் இந்தப் பதிவு. நீளமாத்தான் இருக்கும், பொறுத்தருள்க.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. அஃபிலியேட்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம ஊர் பாஷையில தரகு. அடுத்தவன் பொருளைப் பத்தி நீங்க எழுதுறீங்க, இல்ல வீடியோ போடுறீங்க. கீழ ஒரு சுட்டி. அதைத் தட்டிப் போயி யாராவது வாங்குனா உங்களுக்கு நூத்துக்கு இவ்வளவுன்னு கமிஷன். அமேசான் 1996லயே இதை ஆரம்பிச்சுட்டாங்க. சரக்கு வேணாம், கடை வேணாம், முதலும் வேணாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2017ல விவசாயக் கருவிகளைப் பத்தித் தமிழ்ல ஒரு தளம் ஆரம்பிச்சேன். பேட்டரி ஸ்பிரேயர், களை வெட்டுற மெஷின், சின்ன மோட்டார் பம்பு, தார்ப்பாய் இந்த மாதிரி. அப்ப தமிழ்ப் பக்கங்களுக்கு கூகுள் ஆட்சென்ஸே கிடையாது. தமிழைச் சேர்த்துக்கிட்டது 2018 பிப்ரவரியிலதான். அதனால காசு பார்க்கணும்னா இந்தத் தரகுதான் வழி. ராத்திரி பத்து மணிக்கு மேல உட்கார்ந்து எழுதுவேன். ஒரு வருஷம் ஒண்ணும் தேறல. அப்புறம் மெல்ல மெல்ல ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க.

கணக்கைச் சொல்லிடறேன், ஏன்னா கணக்கு சொல்லாம கனவு சொல்றவங்கதான் இதுல அதிகம். சராசரியா ஒரு பொருள் 3,000 ரூபாய். கமிஷன் 6 சதவீதம். ஒண்ணு வித்தா 180 ரூபாய். நூறு பேரு சுட்டியைத் தட்டுனா ரெண்டு பேரு வாங்குவாங்க. ஆக மாசம் 15,000 பார்க்கணும்னா 83 பொருள் விக்கணும், நாலாயிரம் பேருக்கு மேல சுட்டியைத் தட்டணும். 2018 கடைசியில நான் அந்த இடத்துக்கு வந்துட்டேன். சம்பளத்துக்கு மேல பதினஞ்சாயிரம்னா சும்மாவா? 2019 தைப் பொங்கலுக்குப் புது வண்டி எடுத்தேன், மாசத் தவணையில. தவணைக்குக் காசு எங்கேருந்துன்னு கேக்காதீங்க. அங்கேருந்துதான்.

அந்த சித்திரையில ஒரு மெயில். கமிஷன் 6லேருந்து 3. காரணம் கிடையாது. அதே உழைப்பு, அதே நாலாயிரம் பேரு, ஆனா 7,500. சரின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுனேன். ஐப்பசியில இன்னொரு மெயில். உங்க கணக்குல விதிமீறல் இருக்கு, கணக்கை மூடியாச்சு, பாக்கி கிடையாது. என்ன விதி, என்ன மீறல், ஒண்ணும் இல்ல. பாக்கி நின்னது 11,400 ரூபாய். ஏழு மெயில் போட்டேன். ஏழுக்கும் ஒரே பதில், அச்சடிச்ச பதில். கம்பெனி பேரு வேணாம் விடுங்க. பேரைச் சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல. நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துலயே 'எப்ப வேணா, எதை வேணா மாத்துவோம்'னு இருந்துச்சு. நான்தான் படிக்கல.

எங்க அப்பா அன்னிக்கு ஒண்ணு சொன்னாரு. "குத்தகை நிலத்துல மச்சு வீடு கட்டிட்டியேடா."

இங்கதான் நம்ம தஞ்சாவூர்க் கதை வருது.

எங்க கொள்ளுத்தாத்தா ஒரு மிராசு கிட்ட 9 மா நிலம் வாரத்துக்குப் பார்த்தவரு. வெளியூர்க்காரங்களுக்கு: 3 மா ஒரு ஏக்கர். உழுறது, நாத்து விடுறது, களை பறிக்கிறது, காவல் இருக்குறது எல்லாம் இவரு. களத்துல நெல்லை அளக்கும்போது மிராசு சொல்றதுதான் பங்கு. அடுத்த வருஷம் நிலம் உண்டா இல்லையாங்கறதும் மிராசு வாயிலதான். ஒரு வருஷம் நல்லா எரு போட்டு நிலத்தைத் தேத்துனா, மறுவருஷம் 'இனிமே இன்னொருத்தன் பார்க்கட்டும்'னு எடுத்துடுவாங்களாம். தேத்துனவனுக்கு ஒண்ணும் கிடையாது.

இதுக்கு எதிரா நம்ம ஜில்லாவுல எவ்வளவு போராட்டம்! பி. சீனிவாசராவ் மாதிரி ஆளுங்க கிராமம் கிராமமா நடந்து சங்கம் வச்சாங்க. அதுக்கப்புறம் 1952ல, ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்ப, தஞ்சாவூர் ஜில்லாவுக்குன்னே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1955ல சாகுபடி பண்றவனை நினைச்ச நேரத்துல வெளியேத்தக் கூடாதுன்னு மெட்ராஸ் மாகாணத்துக்கே ஒரு சட்டம். 1956ல நியாயக் குத்தகை இவ்வளவுதான்னு ஒரு சட்டம். 1969ல யாரு எந்த நிலத்தைப் பயிர் பண்றான்னு பதிவேட்டுல ஏத்தணும்னு இன்னொரு சட்டம். எல்லாம் முழுசா நடந்துச்சான்னா, அது வேற பதிவு. ஆனா கேக்கறதுக்கு ஒரு இடம் வந்துச்சு.

இப்ப என் அஃபிலியேட் கணக்கைப் பாருங்க. பங்கு அவங்க சொல்றது. நிலம் உண்டா இல்லையாங்கறது அவங்க வாயில. மூணு வருஷம் எரு போட்டுத் தேத்துன தளம். வெளியேத்துனா கேக்க ஒரு தாசில்தார்கூட கிடையாது. அதாவது 1952க்கு முந்தின தஞ்சாவூர்ல, நான் விரும்பிப் போயி, 'ஏத்துக்கறேன்'ங்கற பொத்தானை அமுக்கி, வாரத்துக்கு உட்கார்ந்திருக்கேன். எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு வேற வழி இல்ல. எனக்கு என்ன கேடு?

இது எனக்கு மட்டும் நடந்ததுன்னு நினைக்காதீங்க. பெரிய பெரிய ஆளுங்களுக்கே நடந்திருக்கு. 2011 ஜூன்ல கலிஃபோர்னியாவுல விற்பனை வரிச் சட்டம் ஒண்ணு வந்துச்சு. உடனே அமேசான் அந்த மாநிலத்துல இருந்த அசோசியேட்ஸ் எல்லார் கணக்கையும் நிறுத்துனாங்க. சண்டை அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும். வயித்துல அடி தரகனுக்கு. சில மாசம் கழிச்சு ரெண்டு பேரும் சமாதானம் ஆனதும் திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க. 2020 ஏப்ரல்ல, ஊரடங்குல உலகமே ஆன்லைன்ல வாங்கிக்கிட்டு இருந்தப்ப, அமெரிக்காவுல அமேசான் கமிஷனைக் குறைச்சாங்க. மேஜை நாற்காலி, வீட்டுச் சாமானுக்கு 8லேருந்து 3 சதவீதம். மளிகைக்கு 5லேருந்து 1. ஒரு வாரம்தான் அவகாசம். எட்டுல மூணுன்னா அரை வயித்துக்கும் கம்மி.

அமேசான் தப்புப் பண்ணிட்டாங்கன்னு நான் சொல்ல வரல. அவங்க கடை, அவங்க காசு. அவங்க நிலத்துல அவங்க மடையை மூடுறாங்க. கம்பெனிக்காரங்க சந்தேகப்படறதுக்கும் காரணம் உண்டு. ஈபே கம்பெனிக்குப் பெரிய அஃபிலியேட்டா இருந்த ஷான் ஹோகன்கிற ஆளு, சுட்டியைத் தட்டாதவங்க கம்ப்யூட்டர்லகூடத் தன் அடையாளத்தைத் திருட்டுத்தனமா வச்சு கமிஷன் வாங்குன வழக்குல 2014ல அஞ்சு மாசம் சிறைத்தண்டனை வாங்குனாரு. இந்த மாதிரி ஆளுங்களைப் பிடிக்கப் போட்ட வலையில என்னை மாதிரி கெண்டைக் குஞ்சும் மாட்டும்.

மேல ஒருத்தன் மட்டும்தான்னு இல்ல. நடுவுலயும் ஆளுங்க உண்டு. ஹனின்னு ஒரு தள்ளுபடிக் கூப்பன் தேடுற நீட்சி. பேபால் கம்பெனி 2020ல சுமார் 400 கோடி டாலர் குடுத்து அதை வாங்குனாங்க. 2024 டிசம்பர்ல அது மேல பெரிய குற்றச்சாட்டு வந்துச்சு. வாடிக்கையாளர் காசு கட்டப் போற கடைசி நேரத்துல, கூட்டிக்கிட்டு வந்த அஃபிலியேட்டோட அடையாளத்தை எடுத்துட்டுத் தன் அடையாளத்தை வச்சுக்குதுன்னு. யூடியூபர்கள் கோர்ட்டுக்கே போனாங்க. கடைசியா தட்டுன சுட்டிக்குத்தான் கமிஷன்ங்கறது இந்தத் தொழில்ல எல்லாரும் பின்பத்துற விதி, நாங்களும் அதைத்தான் பின்பத்துறோம்னு பேபால் சொன்னாங்க. எனக்கு அந்த பதில்தான் பயமா இருந்துச்சு. நாத்து விட்டவன், நட்டவன், களை எடுத்தவன் யாரா வேணா இருக்கட்டும், அறுப்பு அன்னிக்கு வரப்புல நின்னவனுக்கே கூலிங்கறதுதான் விதியே!

டெல்டாக்காரனுக்கு இது புதுசு இல்ல. நாம கடைமடை. மேட்டூர்ல ஜூன் 12ல தண்ணி தொறந்தா குறுவை, தொறக்காட்டி தரிசு. 2020ல எட்டு வருஷம் கழிச்சு சரியா ஜூன் 12ல தொறந்தாங்க. 2024ல தொறக்கும்போது ஜூலை 28 ஆயிடுச்சு. மேட்டூர்க்கு மேல கர்நாடகா. அதுக்கும் மேல மழை. காவிரிக்காச்சும் 2018ல சுப்ரீம் கோர்ட் 177.25 டிஎம்சின்னு ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, ஆணையம் அமைச்சாங்க. வருதோ வரலையோ, கேக்கறதுக்கு ஒரு எண் இருக்கு. அஃபிலியேட்டுக்கு அந்த எண்ணும் கிடையாது.

அப்ப சொந்தக் கடை போட்டா சொர்க்கமான்னு கேட்டா, இருங்க, அவசரப்படாதீங்க.

எங்க பெரியப்பா மகன் அண்ணன் வீடு பட்டுக்கோட்டைப் பக்கம். தென்னந்தோப்பு. சொந்த நிலம், பட்டா, எல்லாம் பக்கா. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா வந்துச்சு. விடிஞ்சு பார்த்தா 140 மரத்துல 11 நின்னுச்சு. சொந்தம்தான். யாரும் கணக்கை மூடல. மெயில்கூட வரல. ஒரே ராத்திரி. 'சொந்தமா இருந்தா பயமில்ல'ன்னு யாராவது வசனம் பேசுனா அந்த அண்ணன்கிட்டதான் கூட்டிக்கிட்டுப் போவேன்.

அதுக்கப்புறம் அத்தாச்சிதான் எந்திரிச்சாங்க. (அண்ணன் பொண்டாட்டியை எங்க பக்கம் அத்தாச்சிம்போம்.) மிச்சம் ரெண்டு ஏக்கர் வயல், ஒரு போர்செட். அதுல கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் போட்டாங்க. விதை, திருத்துறைப்பூண்டியில நெல் ஜெயராமன் அண்ணன் ஆரம்பிச்ச நெல் திருவிழா வழியா வந்த விதை. 2 கிலோ விதை குடுப்பாங்க, மறுவருஷம் 4 கிலோவாத் திருப்பிக் குடுக்கணும். 2018 டிசம்பர்ல அவரு போயிட்டாரு. அந்த விதை போகல.

நெல்லை அரைச்சு அரிசியா வாட்ஸப்லயும் ஆன்லைன்லயும் விக்கலாம்னு அத்தாச்சி சொன்னப்ப, நான்தான் பெரிய இன்டர்நெட் புலியாச்சே, 'எதுக்கு அத்தாச்சி ரிஸ்க், கமிஷனுக்கு எழுதுங்க, முதலே வேணாம்'னு அறிவுரை சொன்னேன். இது அந்த ஐப்பசி மெயில் வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடி. அவங்க கேக்கல, நல்லவேளை.

அவங்க பட்ட கஷ்டத்தையும் மறைக்காம சொல்லிடறேன். சீட்டு எடுத்த காசு 45,000 போட்டாங்க. தராசு, பை ஒட்டுற மெஷின், அட்டைப்பெட்டி, அரவைக் கூலி, உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஆடிட்டர் ஃபீஸ். அஞ்சு மாசத்துல கிடைச்சது 23 வாடிக்கையாளர். பொருள் வந்தப்புறம் காசுன்னு 20 பார்சல் அனுப்புனதுல 6 திரும்பி வந்துச்சு. போக வர கூரியர் செலவு ரெண்டும் இவங்க தலையில. 2022 ஜூலையில பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டுன அரிசிக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டின்னு வந்ததும் விலைப் பட்டியலையே மாத்த வேண்டியதாப் போச்சு. எல்லாம் போக கிலோவுக்கு 30 ரூபாய் நிக்கும். மாசம் 15,000 பார்க்கணும்னா 500 கிலோ போகணும். அஞ்சு கிலோப் பையா நூறு பார்சல். கட்டிப் பாருங்க, முதுகு சொல்லும்.

இப்ப ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. நான் 83 ஸ்பிரேயர், அவங்க 100 பார்சல். கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா ஸ்பிரேயர் வாங்குனவன் அடுத்து வாங்க மூணு வருஷம் ஆகும். அப்பவும் என்கிட்ட வர மாட்டான், நேரா அந்தக் கம்பெனிக்கே போயிடுவான். ஒவ்வொரு மாசமும் எனக்குப் புதுசா 83 பேரு வேணும். அத்தாச்சிக்கு அரிசி வாங்குனவங்க அடுத்த மாசமும் சாப்பிடுவாங்க. நூறுல எழுபது பழைய ஆளு. அவங்க ஓடுறது முப்பது பேருக்கு மட்டும்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்துறேன்.

2019 ஆடியில எனக்கு ஒரு போன். மன்னார்குடிப் பக்கம் ஒரு விவசாயி. என் தளத்துல நம்பர் பார்த்துக் கூப்பிட்டிருக்காரு. "தம்பி, நீங்க நல்லாருக்குன்னு எழுதுனீங்களேன்னுதான் அந்த ஸ்பிரேயரை வாங்குனேன். ஒரு போகத்துக்குக்கூட வரல. பேட்டரி நிக்கல. அவங்ககிட்ட கேட்டா தேதி தாண்டிடுச்சுங்கறாங்க." திட்டல. கோபமாக்கூடப் பேசல. அதான் வலிச்சுச்சு. உண்மை என்னன்னா, அந்த ஸ்பிரேயரை நான் கையால தொட்டதே இல்ல. கம்பெனிக்காரன் போட்ட விவரத்தையும் மத்தவங்க போட்ட மதிப்புரையையும் கலந்து எழுதுனது. எனக்கு 180 ரூபாய். அவருக்கு 3,000 ரூபாயும் ஒரு போகத்து மருந்தடிப்பும். நான் என்ன பண்ண முடியும்? பொருள் என்னுது இல்ல, மாத்திக் குடுக்க. 'கஸ்டமர் கேர்ல பேசிப் பாருங்கய்யா'ன்னு சொல்லிட்டு வச்சேன். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல.

2021 கார்த்திகை அடைமழையில அத்தாச்சி அரிசியில ஒரு மூட்டை சரியாக் காயல. வண்டு வச்சுடுச்சு. ஒன்பது பேருக்குப் போயிடுச்சு. ஒன்பது பேருக்கும் அவங்களே போன் போட்டாங்க. 'தப்பு எங்களுதுதான், அதைக் கோழிக்குப் போட்டுடுங்க, புதுசா அனுப்புறேன்'னாங்க. கூரியரோட சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்கு மேல நட்டம். அந்த ஒன்பதுல ஏழு பேரு இன்னும் வாங்குறாங்க.

என் தொழில்ல நான் தப்புப் பண்ணல, தண்டனை வந்துச்சு. பதில் சொல்ல இடமில்ல. தப்புப் பண்ணப்ப தண்டனை எனக்கு வரல, மன்னார்குடிக்காரருக்குப் போச்சு. அத்தாச்சி தொழில்ல தப்பும் அவங்களுது, தண்டனையும் அவங்களுது, திருத்திக்கிற வழியும் அவங்களுது. சொந்தத் தொழில்னு நான் சொல்றது இதைத்தான். கடைக்குப் பேர்ப்பலகை மாட்டுறதோ, வெப்சைட்டுக்குச் சொந்தமா முகவரி வாங்குறதோ இல்ல.

அத்தாச்சிகிட்ட ஒரு நீளவாக்கு நோட்டு இருக்கு. வாங்குனவங்க பேரு, ஊரு, போன் நம்பர், என்ன அரிசி, எந்த மாசம், 'சக்கரை உண்டு', 'பச்சைப்புள்ளை இருக்கு' இப்படிக் குறிப்பு. வாட்ஸப் நாளைக்கே மூடிக்கிட்டாலும் அந்த நோட்டை வச்சு போன் போட்டுடுவாங்க. அந்த நோட்டுதான் பட்டா. என்கிட்ட இருந்தது நாலாயிரம் பேரு தட்டுனாங்கன்னு ஒரு எண் மட்டும். அதுல ஒருத்தர் பேருகூட எனக்குத் தெரியாது. தெரிஞ்சது அந்த மன்னார்குடிக்காரர் ஒருத்தரைத்தான்.

இதுல இன்னொரு உள்விஷயமும் உண்டு. சொந்தப் பொருள் இருந்தாலும் ஒரே வாசல்ல விக்கறவன் பாதிக் குத்தகைக்காரன்தான். நம்ம நெல்லையே எடுத்துக்குங்க. நிலம் நம்மளுது, நெல் நம்மளுது. ஆனா கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டுனா மூட்டை வாசல்ல கிடக்கும், மழையில முளைச்சுக்கும். பெரிய ஆன்லைன் சந்தையில மட்டும் கடை போட்டிருக்கறவங்களும் அப்படித்தான். வாங்குனவன் யாருன்னு தெரியாது, விதி மாறுனா நீங்களும் மாறணும். பாட்டு, டான்ஸுன்னு டிக்டாக்ல லட்சக்கணக்குல ஆளு சேர்த்தவங்க 2020 ஜூன் 29 ராத்திரி என்ன ஆனாங்கன்னு தெரியும்ல? அவ்வளவு ஏன், நான் இப்ப எழுதிக்கிட்டிருக்கற இந்த இடமே ஓசியில கிடைச்ச அடுத்தவன் வயல்தான். பதிவையெல்லாம் பிரதி எடுத்து வச்சுக்குங்கப்பா, நமக்குள்ள சொல்லிக்கிறேன் :-)

அப்ப அஃபிலியேட்டே வேணாமா? நான் அப்படிச் சொல்லல. குத்தகைக்குப் பார்த்துத்தான் நம்ம ஊர்ல பாதிக் குடும்பம் தலையெடுத்துச்சு. கையில முதல் இல்லாதவனுக்கு அதுதான் முதல் படி. சொந்தத் தொழில் தோத்தா காசு போகும், கடன் நிக்கும். தரகு தோத்தா நேரம் மட்டும்தான் போகும். இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு நேரம் இருக்கு, காசு இல்ல. எந்தப் பொருளை மக்கள் தேடுறாங்க, எப்படி எழுதுனா நம்பறாங்கன்னு அடுத்தவன் செலவுல கத்துக்கலாம். கத்துக்கிட்டு, அந்தக் காசுல ஒரு போர்செட் இறக்கணும். குத்தகை வரும்படியை நம்பி மாசத் தவணை போடக் கூடாது. நான் போட்டேன் பாருங்க, அதைத்தான் சொல்றேன்.

கையால தொடாத பொருளைப் புகழ்ந்து எழுதக் கூடாது. கமிஷன் வாங்குறேன்னா வாங்குறேன்னு சொல்லிடணும். 2023 ஜனவரியில மத்திய அரசே அப்படி வெளிப்படையாச் சொல்லணும்னு வழிகாட்டி போட்டிருக்கு. ஆனா அதுக்காக இல்ல, மன்னார்குடியிலேருந்து போன் வந்தா பதில் சொல்லணும்ல, அதுக்காக.

இப்ப சித்தி செயினுக்கு வர்றேன்.

தரகுத் தொழிலோட ஒரே லாபம் முதல் போடாம ஆரம்பிக்கலாம்ங்கறதுதான். அதைக் கத்துக்க முப்பதாயிரம் கட்டுனா அந்த ஒரே லாபமும் போச்சு. குத்தகைக்காரனோட பலவீனமும் நமக்கு, முதலாளியோட கடனும் நமக்கு. ரெண்டு பக்கமும் நட்டம். அந்த கோர்ஸ்காரங்க அனுப்புன விவரத்தைத் தம்பி போன்ல காட்டுனான். கடைசிப் பக்கத்துல இருக்கு சூட்சுமம்: 'இந்த கோர்ஸை நீங்களே மத்தவங்களுக்கு வித்தா ஆளுக்குப் பாதி கமிஷன்.' அதாவது விக்கற பொருளே அந்த கோர்ஸ்தான்! ஸ்பிரேயராச்சும் மருந்து அடிக்கும். இது அடுத்த வீட்டுச் சித்தி செயினை எடுக்கத்தான் ஆகும். ஆளைச் சேர்த்து ஆள் காசுல பங்கு பிரிக்கிற திட்டத்துக்கு இந்த நாட்டுல 1978லேருந்து தடைச் சட்டம் இருக்கு. 2021 டிசம்பர்ல வந்த நேரடி விற்பனை விதியும் பிரமிட் திட்டம் கூடாதுங்குது. இந்தக் குறிப்பிட்ட கோர்ஸ் அதுல வருமா வராதான்னு சொல்ல நான் வக்கீல் இல்ல. சித்திக்குச் சொல்ல வக்கீல் வேண்டியதில்ல.

நேத்து ராத்திரி போன் போட்டுத் தம்பிகிட்ட சொன்னது இதுதான். "காசு கட்டாதே. செயின் கழுத்துலயே இருக்கட்டும். தரகு பண்ணணும்னா இலவசமாவே ஆரம்பி, நான் சொல்லித் தர்றேன், ஒரு வருஷம் ஒண்ணும் வராது, பரவால்லையான்னு யோசி. சனிக்கிழமை அத்தாச்சி வீட்டுக்குப் போவோம். அவங்களுக்கு ஆர்டர் எழுதவும் படம் எடுத்துப் போடவும் ஆள் வேணும். சம்பளம் கம்மிதான். ஆனா அந்த நோட்டை எப்படி எழுதுறாங்கன்னு பக்கத்துல உட்கார்ந்து பாரு."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "அரிசி மூட்டை தூக்கவா அண்ணே இன்ஜினியரிங் படிச்சேன்?"ன்னான்.

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல மக்களே. அவன் கேட்டது நியாயமான கேள்வி. இந்தப் பதிவுல நான் எழுதுன எதுவும் அதுக்கு பதில் இல்ல. சனிக்கிழமை வர்றேன்னு மட்டும் சொல்லியிருக்கான்.

உங்கள்ல யாராவது தரகுலேருந்து சொந்தத் தொழிலுக்கு மாறியிருந்தாலோ, மாறிக் கையைச் சுட்டுக்கிட்டிருந்தாலோ பின்னூட்டத்துல சொல்லுங்க. தம்பிக்குக் காட்டணும். சுட்டுக்கிட்ட கதையையும் மறைக்காம எழுதுங்க, அதுதான் அவனுக்கு ரொம்பத் தேவை.

டிஸ்கி: இந்தப் பதிவுல எந்தச் சுட்டியும் இல்ல, கமிஷனும் இல்ல. அத்தாச்சி நம்பர் கேட்டு யாரும் தனிமடல் போட வேணாம். இந்த வருஷக் கவுனி தீர்ந்து போச்சாம்.